ஒன்று விட்டு ஒன்றைத் திருப்பி வை

நேற்று கல்யாண மண்டபத்தில் நடந்த ஏற்றுமதிக் கூட்டத்தில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், அப்புறம் பேனா சொருகி வைக்க உள்ளங்கை அளவில் ஒரு சுட்ட மண் கல். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லைக் குழாயடியில் காட்டினேன். சுட்ட மண்ணில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசம் எழும்புமே, நம் சூளையில் மழை பெய்த அன்று நீ மூக்கை விரித்துக்கொண்டு நின்ற வாசம், அது வந்தது. எனக்கு அழுகை வரவில்லையடி. ஆத்திரம்தான் வந்தது. ஏனென்றால் அந்தக் கல்லில் இருப்பது உன் பாதித் தாமரை. மூன்றாவது இதழுக்குக் கீழே நீ விட்ட சின்ன ஓட்டைகூட அப்படியே இருக்கிறது. அடியில் மட்டும் எவனோ ஒருவனுடைய கம்பெனிப் பெயர்.

நீ போய் இரண்டரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைச் சொல்லாதவளுக்கு மடல் ஒரு கேடா என்று இருந்துவிட்டேன். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

ஊரில் உன்னையும் என்னையும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் பார்த்தவர்கள் உண்டு. நீ பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவள் ஆனாய். நான் அப்பா விட்டுப்போன செங்கல் சூளையைப் பார்த்துக்கொண்டேன். ஆரணியில் எத்தனை தறிகளில் உன் கிராஃப் தாள் ஓடியது என்று உனக்கே கணக்குத் தெரியாது. என் சூளைக்கோ பெரணமல்லூர் தாண்டி ஒரு பெயர் கிடையாது. அதிலும் ஊரே சிமென்ட் கல்லுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. சுட்ட கல் அடுக்கு அடுக்காகக் கிடந்து பாசி பிடித்தது. அப்போதுதான் ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

தான்சானியா என்று ஒரு நாடு. கடலோரம், நம் சித்திரை மாதிரி வெயில். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் விடுதியுமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காற்று உள்ளே வர வேண்டும், வெயில் வரக்கூடாது. அதற்கு ஓட்டை விட்டுச் சுட்ட ஜாலிக் கல் கேட்கிறார்கள்.

"இன்னாடி இது, செங்கல்லுல ஜன்னலா?" என்று போனை வாங்கிப் பார்த்தாய்.

"அவங்க ஊர்ல இத்த செய்யறவங்க கம்மியாம். நம்ம அனுப்பலாம்டி."

"நம்மளா? நீ பெரணமல்லூரத் தாண்டி ஒரு லோடு அனுப்பி நான் பாத்ததில்லையே!"

சிரித்துவிட்டு, அந்த வீடியோவை மறுபடியும் ஓட விட்டாய். வட்ட ஓட்டை, சதுர ஓட்டை, டைமன் ஓட்டை. "இதுக்கு அவங்க எதுக்குக் கப்பல்ல நம்மளத் தேடி வரணும்? பொம்பளைங்க கையில கொடுத்தா பூ பூக்கணும்" என்றாய். இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு சூளைக்கு வந்தாய். மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. முதல் தாளுக்கு நீ எப்போதும் செய்கிற வேலை. கட்டம் கட்டமாக நிரப்பி ஒரு தாமரை. ஆனால் பாதித் தாமரை.

"மீதிப் பாதி எங்கடி?" என்றேன்.

"சேலைக்கு மட்டும் மீதிப் பாதிய நானா போடறேன்? தறியே திருப்பிப் போட்டுக்குது."

"இது தறி இல்லடி. செங்கல்லு."

"உன் மெஷின் முறுக்கு பிழியற மாதிரிதானே பிழியுது? கம்பியில அறுத்தா முன்னாலயும் அதே ஓட்டை, பின்னாலயும் அதே ஓட்டை. ஒன்ன வெச்சிட்டு அடுத்தத திருப்பி வை. பூ முடிஞ்சிடும். ஒரு அச்சே போதும், ரெண்டு எதுக்கு?"

தாளில் இரண்டு பாதி வெட்டி, ஒன்றைத் திருப்பி, பக்கத்தில் வைத்துக் காட்டினாய். தாமரை முழுசாக நின்றது. நான் பரம்பரைச் சூளைக்காரி. எத்தனை வருஷமாகச் செங்கல்லைத் தொடுகிறேன், ஒரு கல்லுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

அச்சு செய்த லேத்துக்காரர் அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்துப் பேஜாராகிவிட்டார். "இது ஒன்னுக்காக தனியா ஒரு கம்பி வெக்கணும்மா. டிசைனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியே?" என்றார். நீ அசையவில்லை. "அது இல்லாம என் தாள் வெளிய போகாதுங்க. கொழந்தைக்குக் கன்னத்துல வெக்கிறோமே, அந்த மாதிரி. அழகா இருக்கறதுக்குக் கண்ணு பட்டுடும்" என்றாய். உன் சேலைகளிலும் அப்படித்தான். எங்காவது ஓர் இதழில் ஒரு புள்ளியை விட்டுவிடுவாய். இழை விட்டுப்போச்சு என்று புதிதாக வந்த நெசவாளிகள் முதலில் சண்டைக்கு வருவார்கள். பிறகு பழகிவிடுவார்கள். ஆரணிப் பட்டுக்காரர்கள் நிறையப் பேருக்கு உன் திருஷ்டிப் பொட்டு தெரியும்.

கல் சுட்டு வந்தது. தட்டினால் வெண்கலம் மாதிரிச் சத்தம். வைக்கோல் வைத்துக் கட்டக் கூடாது, அங்கே துறைமுகத்தில் விடமாட்டார்கள் என்று ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் போனில் சொல்லியிருந்தார். நீ தறிக்காரர்களிடம் சொல்லி, ஓட்டை போட்ட பழைய டிசைன் அட்டைகளை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து கல்லுக்குக் கல் நடுவில் சொருகினாய். கன்டெய்னர் கிளம்பிய அந்த மத்தியானத்தில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் என் கோபம் இறங்கிவிடும். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கோபம் வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஏஜெண்ட் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"மேடம், பாதி டிசைன் அனுப்பியிருக்கீங்க. சுவத்துல வச்சா எல்லா பூவும் அரைகுறையா ஒரே பக்கம் பாத்துட்டு நிக்குது. பார்ட்டி வேணாம்னுட்டாங்க."

"ஒன்னு உட்டு ஒன்னு திருப்பி வெக்கச் சொல்லுங்க சார். சரியாப் பூடும்."

"என்ன மேடம், இது என்ன தலையணை உறையா, திருப்பிப் போட? டிசைன் தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கங்க. அவங்க வேற ஆளைப் பாத்துட்டாங்க. சரக்கை அங்கயே எங்கயாவது தள்ளிவிடறேன். உங்களுக்காக ஒரு உதவின்னு வச்சுக்கங்க."

நான் நன்றி சொன்னேனடி. அந்த ஆளுக்கு நன்றி சொன்னேன்! திருப்பி வைத்தால் பூ முடியும் என்று அவர் காதில் போட்டதும் நான்தான். சாவியை நானே கையில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போங்கள் என்று கும்பிட்டிருக்கிறேன்.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? 'பொம்பளைங்க ரெண்டு பேர் கப்பல் உட்டாளுங்க' என்று டீக்கடையில் ஆரம்பித்தது. சூளைக்காரர்கள் கூட்டத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "தறிக்கு வரையறவங்கள நம்பி செங்கல் அனுப்பினா இப்படித்தாம்மா ஆவும். நீ இன்னா பண்ணுவ, பாவம்." என்னைப் பாவம் என்றார்கள், உன்னைப் 'பாதி டிசைன்' என்றார்கள். கடைக்குத் தாள் கொண்டுபோனால், "இந்த வாட்டி முழுசாப் போட்டுகினு வந்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்களாம். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாயாம். உன் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், அவரே உன்னிடம், "ஒழுங்கா முழுசா வரைஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் என்று நீதான் ஒரு நாள் சொன்னாய்.

"நீ ஏன்டி உண்மைய சொல்ல மாட்டேங்கற?" என்று நான் கத்தினேன்.

"சொன்னா உன் சூளைய எவன் நம்புவான்? என் தாள் எப்பிடியும் ஓடும்டி. உன் கல்லுதான் ஓடணும்."

எனக்கு உன் மேலும் கோபம் உண்டு, தெரிந்துகொள். இவ்வளவு நல்லவளாக இருக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? நீ ஒரு முறை கத்தியிருந்தால், என் வீட்டு வாசலில் வந்து நின்று திட்டியிருந்தால், நான் அன்றைக்கே நிமிர்ந்திருப்பேன். நீ பொறுத்துக்கொண்டாய். நான் அந்தப் பொறுமையின் நிழலில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாளின் மேலேயே சாய்ந்தாயாம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியத்தன்று நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் இலையில் கை வைத்தபடி பக்கத்திலிருந்தவரிடம், "நல்ல கை. அந்தப் பாதி டிசைன் விஷயத்துலதான் பேர் கெட்டுப்போச்சு" என்றார். நான் அவர் இலைக்கும் சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். 'கட்டுமானப் பொருள் ஏற்றுமதி: புதிய நாடுகள், புதிய வாய்ப்புகள்' என்று பேனர். சூளைக்காரர்கள், சந்தவாசல் பக்கத்துக் கல் பாலிஷ்காரர்கள், ஏற்றுமதி என்றதும் பட்டுக்கும் ஏதாவது வழி இருக்குமா என்று வந்த தறிக்காரர்கள் என்று மண்டபம் நிரம்பியிருந்தது. உன் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றவர், என் ஏஜெண்ட்; குரலே சொல்லிவிட்டது. இப்போது ஏஜெண்ட் இல்லை, ஒரு கம்பெனிக்கே தலைவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போனில் தலையாட்டிய பொம்பளைக்கு முகம் எதற்கு?

அந்த நாட்டில் எவ்வளவு கட்டுகிறார்கள், எவ்வளவு தேவை என்று நன்றாகத்தான் பேசினார். குறை சொல்ல மாட்டேன், வாய்ப்பு உண்மையானது. நீயும் நானும் தாளையும் தாளையும் சேர்த்துப் பார்த்த அன்றைக்கே தெரிந்த உண்மை. அப்புறம் திரையில் ஒரு சுவர் வந்தது. ஒரு விடுதிச் சுவர். வரிசை வரிசையாகத் தாமரை, ஒன்றுகூடப் பாதி இல்லை. உள்ளே வெயில் பூப்பூவாக விழுந்திருந்தது. கல்லின் ஓரத்தில் நம் ஏரி மண்ணுக்கே வருகிற அந்தக் கருஞ்சிவப்பு. நம் சூளையில் வெந்த கல்லை எனக்குத் தெரியாதா? 'தள்ளிவிடறேன்' என்றாரே, தள்ளிவிட்ட இடம் அதுதான்.

"இது எங்க டிசைன் டீம் அந்த நாட்டுப் பண்பாட்டை ஸ்டடி பண்ணி உருவாக்கினது" என்றார்.

எழுந்து நின்றேன். கேள்விக்குத்தான் எழுந்தேன் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்கள்.

"சார், பைக்குள்ள கொடுத்த கல்லுல, மூணாவது இதழுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்குதே. அது எதுக்கு?"

அவர் மேஜையிலிருந்த கல்லை எடுத்துப் பார்த்தார். முதல் முறையாகப் பார்க்கிறார் என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும்.

"அது வந்து… ஏர் ஃப்ளோ மேடம். காற்றழுத்தத்தைச் சமன் பண்ண. இன்ஜினியரிங் விஷயம்."

தறிக்காரர்கள் பக்கம் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். எல்லோரும் பையைத் துழாவிக் கல்லை வெளியே எடுத்தார்கள். "அட, இது அந்தம்மா புள்ளியாச்சே!" என்று ஒரு குரல்.

"அது திருஷ்டிப் பொட்டு சார்" என்றேன். "உங்க டீம் திருடும்போது அத்தயும் சேத்துத் திருடிகினு போயிருக்குது."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. கண் படாமல் இருக்க நீ வைத்த புள்ளி கடைசியில் கள்ளனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. நான் உன் பெயரைச் சொன்னேன். மைக்கில், அப்பன் பெயரோடு, தெருப் பெயரோடு சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "மேடம், உங்க ஃபீலிங்ஸ் புரியுது, லஞ்ச்ல பேசலாம்" என்றார். "லஞ்ச்ல சோறுதான் துன்னுவாங்க, இங்கயே பேசுங்க" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் முழுக்க என் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது ருசித்தது.

அப்போது உன் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் எழுந்தாலே சத்தம் அடங்கிவிடும் இல்லையா, பேசாதவர் ஆயிற்றே.

"அப்ப அது முழு டிசைன்தானாம்மா?"

"முழுசுதாங்க. திருப்பி வெச்சா முழுசு."

"அப்ப அங்க ஏன் வேணாம்னாங்க?"

மேடையில் நின்ற ஆளைக் காட்டினால் போதும். கை பாதி தூக்கியும்விட்டேன். எல்லோரும் நம்பியிருப்பார்கள். பாதி உண்மையும்கூட. ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் வீட்டில் உன் தாள் இருக்கிறது, தாளின் மூலையில் மஞ்சள் இருக்கிறது. என்னால் கையை மேலே தூக்க முடியவில்லை.

இப்போது அந்த மத்தியானத்தைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் உள்ளே உட்கார்ந்து சரக்குப் பட்டியலை இங்கிலீஷில் டைப் செய்கிறேன். நீ அட்டைத் தூசியோடு வந்து என் பின்னால் நிற்கிறாய்.

"ஒன்னு உட்டு ஒன்னு திருப்பி வெக்கணும்னு ஒரு வரி எழுதிடுடி. ஒரு படமும் போட்டுடு."

"வீடு கட்றவனுக்குக் கல்லத் திருப்பி வெக்கத் தெரியாதா? இதெல்லாம் எழுதினா நம்மள பட்டிக்காடுன்னு நினைப்பான்."

"தறிக்காரனுக்குத் தெரியும்டி. அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஜல்தி முடிக்கணும். போ, போயி கதவச் சாத்தச் சொல்லு."

என் இங்கிலீஷை நம்பினாய். போய்க் கதவைச் சாத்தச் சொன்னாய்.

இதை அப்படியே மைக்கில் சொன்னேன். "அவ எழுதச் சொன்னா. நான்தான் எழுதல. தப்பு என்னுது. இத்தன வருஷம் உங்க வாயில விழுந்தது அவ பேரு" என்றேன். சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. என்னைப் பாவம் என்ற அந்தச் சூளைக்காரர் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். மேடையில் இருந்தவருக்கு மட்டும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. அதைப் பார்த்ததும் மறுபடி ஆத்திரம் வந்தது. என் தப்பு உனக்கு லைசென்ஸ் இல்லைடா என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

செருப்புப் போடும் இடத்தில் உன் வீட்டுக்காரர் நின்றிருந்தார். சாப்பிடவில்லை.

"கடைசி வரைக்கும் நானும் அவளத்தான் கேட்டுகினு இருந்தேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லல அவ."

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.

"நீயும் சொல்லலையேம்மா" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உன்னோடு இருந்து அவருக்கும் உன் குணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேஸ் போடலாமா என்று ஒரு வக்கீலிடம் காலையில் கேட்டேன். டிசைனைப் பதிவு செய்தீர்களா என்றார். மஞ்சள் தடவினோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம். விடுவதாக இல்லை. அந்த ஆள் எத்தனை கோட்டு மாற்றினாலும் அந்தப் புள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு செய்தி. அந்த நாட்டிலேயே ஒரு மேஸ்திரியம்மா இருக்கிறார். மூன்று மாதமாக நேரடியாக எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறார், நடுவில் யாரும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுவர். பழைய அச்சைத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி ஏற்றியிருக்கிறேன். திருஷ்டிக் கம்பியைக் கழற்றவில்லை. நேற்று மாலையே முதல் அறுப்பு அறுத்து நிழலில் வைத்தாயிற்று. இன்று சரக்குப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பொருள், எண்ணிக்கை, எடை எல்லாவற்றுக்கும் மேலே இடம் விட்டு, 'ஒன்று விட்டு ஒன்றைத் திருப்பி வைக்கவும்' என்று இங்கிலீஷிலும், அந்தம்மா சொல்லிக் கொடுத்தபடி அவர்கள் பாஷையிலும் அடித்தேன். பக்கத்தில் இரண்டு கல் சேர்ந்து ஒரு பூவாகிற படம். அதற்குக் கீழே, வரைந்தவர் என்று போட்டு, உன் பெயர்.

நீ கேட்டது ஒரு வரிதான். எழுதிவிட்டேனடி.